அத்தியாயம் 11: அப்பா அசைந்த இடம்

அப்பா குட்டியை அடையாளம் கண்டுகொண்டுவிட்டார். போன வாரம் நடந்த விபத்து அதுதான். வேறு வீடாக இருந்தால் கொண்டாடியிருப்பார்கள். இந்த வீட்டில் பெரியவளுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்பு மணி அடித்ததும் அப்பாவே போய்க் கதவைத் திறந்தார். வாசலில் பிஸ்கட் பாக்கெட்டும் புத்தம்புதுச் சிரிப்புமாகக் குட்டி. “வா குட்டி, இளைச்சுட்டியே” என்றார், கணீரென்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்காகப் பால் ஆற்றிக்கொண்டிருந்த பெரியவளைத் திரும்பிப் பார்த்து, “மேடம், இது என் பொண்ணு. தப்பா நினைக்கலன்னா இவளுக்கு ஒரு டீ கிடைக்குமா?” என்று பணிவாகக் கேட்டார்.

டீ கிடைத்தது. சர்க்கரைதான் இல்லை. மறந்துவிட்டதாகப் பெரியவள் இன்றுவரை சாதிக்கிறாள்.

மறதிநோய் வந்த நாலு வருடமாக அப்பா இருப்பது மூத்த மகளான அவள் வீட்டில். குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, சட்டையைத் திருப்பிப் போட்டால் நேராக்குவது எல்லாம் அவள். வாரம் ஒருமுறை பிஸ்கட்டோடு வருகிறவளுக்குப் பெயர் சொல்லி வரவேற்பு. இவளுக்கு மேடம். குட்டி என்றால் குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். தலைக்குச் சாயம் பூசும் வயது. வீட்டில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஒரே கட்டடத்தில் வேலை என்பது இந்தக் கதையின் இன்னொரு வேதனை. கீழ்த்தளத்தில் மூளையைப் படம் பிடிக்கிறார்கள். அங்கே பெரியவள் ஸ்கேன் எடுப்பவள். மேல்மாடியில் ரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்துப் படிக்கிறார்கள். அங்கே குட்டி ஆராய்ச்சியாளர். ரொம்ப நாளாக இரண்டு தளங்களும் ஒன்றையொன்று மதித்ததே இல்லை. “வீடு எரிஞ்சப்புறம் போட்டோ பிடிக்கிறவங்க” என்று மாடி சொல்லும். “யார் வீடு எரியும்னு ஜோசியம் சொல்றவங்க” என்று கீழ்த்தளம் திருப்பிக் கொடுக்கும்.

மேலிடம் இப்போது இருவரையும் ஒரே ஆராய்ச்சியில் கட்டிப்போட்டிருந்தது. மரபணுவை மட்டும் பார்த்தால் மறதிநோய் யாருக்கு வரக்கூடும் என்று ஊகிக்கலாம். படத்தை மட்டும் பார்த்தால் மூளையில் எந்த இடம் சுருங்கியது என்று சொல்லலாம். இரண்டையும் ஒரே ஆளிடம், ஒரே குடும்பத்தில் சேர்த்து வைத்துப் பார்த்தால், அந்த நோய் எந்த வாசல் வழியாக உள்ளே நுழைகிறது என்பது பிடிபடலாம்.

அப்பா அதில் சேர்ந்திருந்தார். மகள்கள் இருவரும் ரத்தம் கொடுத்திருந்தார்கள். மறதிக்கு வழிவிடுகிற மரபணு வகை ஒன்று அப்பாவிடம் இருந்தது. அது அவரிடமிருந்து ஒவ்வொரு மகளுக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. வந்திருந்தாலும் நோய் வந்தே தீரும் என்றில்லை, வாய்ப்புதான் கூடும். கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் இல்லை. பெரியவள் தனக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். குட்டி வேண்டும் என்றாள். அவளுக்கு இன்றைக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அப்பாவுக்கு ஸ்கேனும் இன்றைக்குத்தான்.

அந்த ஸ்கேனில் முகம் பார்க்கும் கட்டம் ஒன்று உண்டு. உள்ளே படுத்திருப்பவருக்குத் திரையில் முகங்களைக் காட்டுவார்கள். முன்பின் தெரியாத முகங்கள், நடுநடுவே சொந்தக்காரர்கள். எந்த முகத்துக்கு மூளை எங்கே விழித்துக்கொள்கிறது என்று பார்ப்பார்கள். அதற்கு மகள்கள் ஆளுக்கொரு போட்டோ தரவேண்டும். குட்டி தன் போனில் கிடந்த ஒன்றை, தலைகூட வாராததை, அனுப்பிவிட்டாள். பெரியவள் ஸ்டுடியோவுக்குப் போனாள். முகத்துக்குப் பவுடர், உதட்டுக்கு லேசாகச் சாயம். சின்ன வயதிலிருந்து மூக்கில் குடியிருக்கும் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். கேமரா எந்தப் பக்கம் என்று தெரியாமல் உத்தேசமாக ஒரு சிரிப்பு சிரித்தாள்.

“தேர்தல்ல நிக்கிறியா?” என்று கேட்டார் வீட்டுக்காரர், படத்தைப் பார்த்துவிட்டு.

“நின்னா உங்க ஓட்டு கிடைக்குமா?”

“ரகசிய வாக்கெடுப்பு.”

இன்று காலை அப்பாவை ஸ்கேன் அறை வாசலில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவர் மீசை. பெரியவளோடு வேலை செய்பவர். மீசை கிடையாது, எடுத்த நாளிலிருந்துதான் அந்தப் பெயர். சொந்தக்காரருக்கு ஸ்கேன் எடுக்கும்போது மெஷினைத் தொடக்கூடாது என்று விதி இருப்பதால் பெரியவள் இன்று வெறும் பார்வையாளர்.

“பெல்ட், சாவி, செயின், பல்செட்?”

“பல்லு என்னோடது” என்றார் அப்பா. “கடிச்சுக் காட்டவா?”

மீசை அவருடைய மூக்குக்கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு, இரும்பு இல்லாத பிளாஸ்டிக் ஒன்றை மாட்டிவிட்டார். கடைவீதியில் காலமெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியவர் அப்பா. சும்மா போவாரா? சுவரிலிருந்த எச்சரிக்கைப் பலகையை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தார்.

“வலது பரவாயில்ல. இடது கம்மி. யார் கடையில வாங்கினது?”

“ஆஸ்பத்திரியில கொடுத்தது, அய்யா.”

“கடையை மாத்துங்க.”

பிறகு குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ வெளியதானே இருப்பே?”

“இருக்கேன்பா.”

“மேடமும் இருக்கட்டும். பாவம், காலையிலேர்ந்து கூடவே வர்றாங்க.”

கனத்த கதவு மூடிக்கொண்டது. பெரியவள் தங்கையைப் பார்த்தாள்.

“என்னடி சிரிப்பு?”

“சிரிக்கலையே.”

“உன் மூக்கு சிரிக்குது.”

“அக்கா, மேடம்னு கூப்பிட்டா மரியாதைதானே? என்னை யாருமே கூப்பிட மாட்டேங்கிறாங்க.”

“எடுத்துக்கோ. மேடத்தை நீ எடுத்துக்கோ, குட்டியை எனக்குக் கொடு.”

குட்டி லிஃப்ட் பக்கம் பார்த்தாள். “நான் மேல போகணும். ஆலோசகர் காத்திருப்பாங்க. நீயும் வாயேன்.”

“எதுக்கு? தெரிஞ்சு என்ன பண்ணப் போறே?”

“தெரிஞ்சுப்பேன்.”

“அதுக்கப்புறம்?”

“அது தெரியல.”

“நீ போ. நான் அப்பாகூட இருக்கேன். நாலு வருஷமா அதான் என் வேலை.”

“குத்தாதேக்கா.”

“நான் எங்க குத்தறேன். ஊசியெல்லாம் உங்க மாடியிலதானே இருக்கு.”

குட்டி போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் இடிக்கத் தொடங்கியது. தகரக் கூரைமேல் யாரோ கோபமாக நடப்பதுபோன்ற அந்தச் சத்தம் பெரியவளுக்குத் தாலாட்டு. வழக்கமாக அதைக் கேட்டபடியே மதியச் சாப்பாட்டை முடிப்பாள். இன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

எல்லாம் அவளுக்கே என்று மனம் பழைய பாட்டை எடுத்தது. கடையில் சுழலும் நாற்காலி குட்டிக்கு. அப்பாவின் சைக்கிளில் முன்பக்கம் குட்டிக்கு. நல்ல கண்கள்கூடக் குட்டிக்குத்தான். கண்ணாடிக்காரர் மகள் கண்ணாடி இல்லாமல் பஸ் நம்பர் படிப்பாள். அதைப் பார்த்து மூத்தவள் தடித்த கண்ணாடிக்குள்ளிருந்து எரிவாள். இதெல்லாம் சில்லறைப் பொறாமை, அவளுக்கே தெரியும். ஆனால் இப்போது திரையில் ஓடிக்கொண்டிருப்பது சில்லறை இல்லை. அப்பாவின் தலைக்குள் அவளுக்கு இன்னும் ஓர் இடம் இருக்கிறதா? வாயால் மேடம் என்கிறாரே, அந்த மேடத்துக்குப் பின்னால், ஓரமாக ஒரு ஸ்டூலாவது போட்டு அவளை உட்காரவைத்திருக்கிறாரா?

சத்தம் நின்றது. அப்பாவைப் பணியாளர் ஒருவர் காத்திருக்கும் கூடத்துக்கு அழைத்துப் போனார். பெரியவள் கட்டுப்பாட்டு அறைக்குள் தலையை நீட்டினாள்.

“அண்ணே, அந்த முகத்தோட படம். முதல் கணக்கு வந்திருக்குமே. ஒரே ஒரு பார்வை.”

“கூடாதும்மா. விதி தெரியாதா உனக்கு?”

“தெரியும். தெரியாதவளா இருந்தா மேலிடத்துல போய்க் கேட்டிருப்பேன்.”

மீசை பெருமூச்சு விட்டு எழுந்தார். “நான் தண்ணி குடிக்கப் போறேன். திரையை அணைக்க மறந்துட்டேன். எனக்கும் வயசாகுதில்ல.”

திரையில் அப்பாவின் மூளை மூன்று வரிசையாக இருந்தது. தெரியாத முகங்களுக்கு ஒரு வரிசை. ஏதோ விளம்பரத்திலிருந்து பிடித்த வழுக்கைத்தலைக்காரர் உட்பட யார் யாரோ. அவர்களுக்கு லேசான மஞ்சள். இரண்டாவது வரிசை குட்டி. ஆரஞ்சு நிறத்தில், அடுப்புக் கங்குபோல, இரண்டு பக்கமும் கணகணவென்று. மூன்றாவது வரிசை அவள்.

சாம்பல். ஒரு தீக்குச்சி வெளிச்சம்கூட இல்லை.

ஒரே ஆளின் ஒரே படத்தை, அதுவும் முதல் கணக்கை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது என்று புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் மண்டையில் அடித்துச் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். அந்தப் பாடம் முழுதும் அந்தக் கணத்தில் அவளை விட்டு ஓடிவிட்டது. ஒரு வழுக்கைத்தலைக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லையே என்பது மட்டும் நின்றது.

பின்னால் காலடிச் சத்தம். குட்டி இறங்கி வந்திருந்தாள். கையில் காகிதக் கோப்பையில் டீ, குடிக்காதது. அவள் முகத்தைப் பார்க்கும் நிலையில் பெரியவள் இல்லை.

“சந்தோஷமா? நீ ஜெயிச்சுட்டே. இத்தனை நாள் வாயால ஜெயிச்சே, இன்னிக்குக் கலர் படத்தோட ஜெயிச்சிருக்கே.”

“என்னக்கா ஆச்சு?”

“பாரு. நல்லா பாரு. பிஸ்கட்டுக்குப் பலன் இருக்கு.”

குட்டி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்கு அருகே குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அக்கா, இது கம்மி இல்ல. இது காலி.”

“அதான் நானும் சொல்றேன்!”

“முழுசாக் கேளு. யாரோ வழுக்கைத்தலைக்கே கொஞ்சம் வருது. முகம்னு ஒண்ணைப் பார்த்தாலே கொஞ்சமாவது வரணும். உனக்கு மட்டும் சுத்தமா ஒண்ணுமே இல்லன்னா, உன்னோடதைக் கணக்குலயே சேர்க்கலன்னு அர்த்தம். தலை அசைஞ்சுட்டா அந்தப் படத்தையெல்லாம் கம்ப்யூட்டர் தூக்கிப் போட்டுடும்னு நீதானே எனக்குச் சொன்னே? தலை அசைவைக் காட்டுற கோட்டை எடு.”

பெரியவள் பொத்தானை அமுக்கினாள். கோடு வந்தது. குளத்துத் தண்ணீர்போல அமைதியாக ஓடி, திடீரென்று துள்ளி, மறுபடி அமைதியாகி, மறுபடி துள்ளியது. குட்டி ஒவ்வொரு துள்ளலுக்கும் நேர் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். அந்த நேரத்தில் திரையில் என்ன முகம் என்று.

அக்கா. மறுபடி அக்கா. அடுத்ததும் அக்கா.

“உன் முகம் வந்தப்பல்லாம் தலையைத் தூக்கியிருக்கார்” என்றாள் குட்டி மெதுவாக.

“பயந்துட்டாரா?”

“அந்தப் பவுடருக்கு யாரும் பயப்படலாம். ஆனா என்னைப் பாரு. என் படத்துக்கு ஒரு மயிரிழைகூட அசையல. கல்லு மாதிரி கிடந்திருக்கார். நானும் வழுக்கையும் ஒண்ணு.”

மீசை வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். இரண்டு பேரையும் பார்த்துத் திரும்பிப் போகத்தான் நினைத்தார், பெரியவள் விடவில்லை.

“அண்ணே, உள்ள இருக்கறப்ப அப்பா ஏதாவது பேசினாரா?”

“அந்தச் சத்தத்துல என்ன கேக்கும்? நடுவுல ரெண்டு மூணு தடவை ‘கண்ணாடி எங்க, கண்ணாடி எங்க’ன்னு மட்டும் வந்துது. நாமதான் வாங்கி வச்சிருக்கோமே, அதைத்தான் கேக்கறார்னு விட்டுட்டேன்.”

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிடம் இரண்டு பேரும் கூடத்தில் இருந்தார்கள்.

அப்பா தன் சொந்தக் கண்ணாடியோடு, மடியில் பிஸ்கட்டோடு, நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். குட்டி முழங்காலிட்டு உட்கார்ந்து போனை அவர் முன்னால் நீட்டினாள். ஸ்டுடியோ படம். அப்பாவின் தாடை சட்டென்று மேலே போனது.

“இவளை யாரு வெளிய விட்டது?”

“ஏம்பா?”

“கண்ணாடி எங்க? கண்ணாடியில்லாம கிளம்பிட்டாளே! எத்தனை தடவை சொல்றது. கழட்டினா அழகா இருக்கோம்னு ஒரு நினைப்பு. எதிர்ல பஸ் வந்தாத் தெரியாது இவளுக்கு.”

“யாருப்பா இது?”

“என்ன கேள்வி கேக்கறே? பெரிசு. நம்ம பெரிசு.” அவர் பதற்றமாகக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். கண்கள் எதிரே நின்ற பெரியவள்மேல் வந்து நின்றன. “மேடம், நீங்க அந்தப் பக்கம் போனா ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்பா தேடறார்னு சொல்லுங்க. திட்ட மாட்டேன்னு சொல்லுங்க.”

“சொல்றேங்க” என்றாள் பெரியவள். இடம் இருக்கிறது. ஸ்டூல் இல்லை, தேடுகிற அளவுக்குப் பெரிய இடம். ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவள் பவுடர் பூசிய ஒருத்தி. வாழ்க்கையில் யார் யார்மேலோ பொறாமைப்பட்டு முடித்தவள், இன்று தன் போட்டோமேலேயே பொறாமைப்பட்டாள்.

“கழட்டுக்கா” என்று கிசுகிசுத்தாள் குட்டி. “ஒரு தடவை கழட்டிக் காட்டு.”

பெரியவள் கண்ணாடியைக் கழற்றினாள். உடனே உலகம் கரைந்தது. அப்பாவின் முகம் இருந்த இடத்தில் ஒரு பழுப்பு வட்டம் தெரிந்தது. அது மலர்ந்ததா, மலரவில்லையா என்று அவளால் பார்க்க முடியவில்லை.

“மேடம், நீங்களுமா?” என்றது வட்டம், கவலையோடு. “போடுங்க, போடுங்க. கண்ணு கெட்டுடும்.”

குட்டிதான் முதலில் சிரித்தாள். பெரியவளுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணாடியை மாட்டியபடியே சிரித்தாள். அப்பா என்னவென்று தெரியாமலேயே நாகரிகமாகச் சேர்ந்து சிரித்தார். பெரியவள் சிரித்து ஓய்ந்தபிறகும் குட்டி ஓயவில்லை. தோள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது. அது சிரிப்பு இல்லை.

அப்போதுதான் பெரியவள் இன்றைக்கு முதல்முறையாகத் தங்கையின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

“மாடியில என்ன சொன்னாங்க?”

“டீ கொடுத்தாங்க.”

“குட்டி.”

“நல்லாத்தான் பேசினாங்க. பயப்பட வேணாம், வராமலும் போகலாம், நல்லாத் தூங்குங்க, நடங்க, பிரஷரைப் பாத்துக்கோங்க. எனக்குத் தெரியாததா? அந்த வாக்கியத்தையெல்லாம் எழுதிக் கொடுத்ததே நான்தான்.”

“இருக்கா?”

குட்டி தலையாட்டினாள். “இருக்கு.”

அப்பா இருவருக்கும் நடுவில் பிஸ்கட்டை இரண்டாக உடைத்து, எந்தத் துண்டு பெரியது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்பா எதைக் கொடுத்தாலும் யாருக்கு எவ்வளவு என்று அளந்தே வளர்ந்தவள் பெரியவள். இதை எப்படி அளப்பது என்று தெரியாமல் நின்றாள். தங்கையின் தலையில் கையை வைத்தாள். சாயத்தின் வேர்க்காலில் நரை எட்டிப்பார்த்தது. அதை இதுவரை அவள் கவனித்ததில்லை, கவனித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

“ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்காதே” என்றாள் குட்டி.

“சொல்லு.”

“லிஃப்ட்ல இறங்கறப்ப நினைச்சேன். உன்னோடது என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா உனக்கு இல்லன்னா... எனக்குப் பொறாமையா இருக்கும்க்கா. கேவலமான நினைப்புதான். இருந்தாலும் வந்துது.”

குட்டி தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். ஒரு தடவை, எதற்காகவாவது. சுழலும் நாற்காலிக் காலத்திலிருந்து பெரியவள் வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான். இத்தனை வருடம் கழித்து வந்து சேர்ந்துவிட்டது. வாங்கி எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“பட்டுக்கோ” என்றாள் கடைசியில். “பொறாமைப்பட்டா சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான். எனக்கு அனுபவம் இருக்கு, நான் சொல்லித் தர்றேன்.”

குட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். பெரியவள் அப்பாவின் கையை எடுத்துத் தங்கையின் கைக்குள் வைத்தாள். “பிடிச்சுக்கோ. எழுந்து போக விடாதே. பெரிசைத் தேடறேன்னு கிளம்பிடுவார்.”

“நீ எங்க போறே?”

“மேல.”

“அக்கா! நீதான் வேணாம்னு சொன்னியே.”

“சொன்னேன். இப்ப வேணுங்கறேன்.”

“எனக்காகப் போகாதே.”

“உனக்காக நான் என்னிக்குடி எதைச் செஞ்சிருக்கேன்? உட்காரு.”

லிஃப்டுக்குள் வேறு யாரும் இல்லை. கதவு மூடும்போது, கூடத்தில் அப்பா குட்டியிடம், “அந்த மேடம் நல்லவங்க” என்று சொல்வது கேட்டது. மாடிக்கான பொத்தானை அமுக்கிவிட்டுப் பெரியவள் வேண்டிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினாள். எதை என்று தெரியவில்லை. ‘இருக்கு’ என்று சொல்வார்களோ என்று பயமாகத்தான் இருந்தது. மாடி நெருங்க நெருங்க, ‘இல்லை’ என்று சொல்லிவிடுவார்களோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.